பழைய சீ-டூ முழுத் திறொட்டிலில மூச்சு முட்டுது: பெற்றோலோ, காபரேற்றரோ?

2025 மே 21 – வந்த கேள்வி

1996 சீ-டூ எஸ்.பி.எக்ஸ். (தண்ணியில ஓடுற ஸ்கூட்டர்). றோட்டக்ஸ் 717 இஞ்சின், பெற்றோலையும் காற்றையும் கலந்து குடுக்க இரண்டு மிக்குனி காபரேற்றர். போன வருசக் கடைசியில ஒருவரிட்ட வாங்கினது. விக்ரோறியா டே லோங் வீக்கெண்டுக்கு சிம்கோ ஏரியில இறக்கினம். ஸ்ராட் ஒரே தட்டில வருது, ஐடில் நல்லா நிக்குது. முழுத் திறொட்டில் குடுத்தால் கொஞ்சத் தூரம் பறக்குது, பிறகு மூச்சு முட்டி விழுது. கொஞ்சம் விட்டுப்போட்டுத் திரும்பக் குடுத்தால் அதே கதை. காபரேற்றர் ஸ்குறூவைக் கொஞ்சம் திறந்து விட்டால் சரிவரும் என்று மச்சான் சொல்றார். திறக்கலாமோ?

மே 21, இரவு

வேண்டாம் தம்பி. ஸ்குறூவில கை வைக்காதேங்கோ. முதல்ல அதை ஏரியில முழு வேகத்தில ஓடுறதை நிப்பாட்டுங்கோ.

இது ரூ-ஸ்ட்ரோக். பிஸ்ரனுக்கும் பெயரிங்குக்கும் எண்ணெய் போறது உள்ளே போற கலவையோடதான். பெற்றோல் குறைஞ்சால் கலவை சூடாக எரியும். முழு வேகத்தில அந்தச் சூடு பிஸ்ரன் தலையை உருக்க அதிக நேரம் எடுக்காது. நீங்கள் "மூச்சு முட்டுது" என்று எழுதினதை நான் "பிஸ்ரன் கெஞ்சுது" என்றுதான் வாசிக்கிறன்.

மூன்று விசயம் பார்த்துச் சொல்லுங்கோ.

கொம்பிறெஷன், அதாவது பிஸ்ரன் மேல வரேக்க சிலிண்டருக்குள்ள ஏறுற அழுத்தம். இரண்டு சிலிண்டரையும் அளந்து பாருங்கோ. ஸ்பார்க் பிளக் இரண்டையும் கழற்றி, வயர் இரண்டையும் எர்த் பண்ணி, திறொட்டிலை முழுசாத் திறந்து பிடிச்சுக்கொண்டு ஸ்ராட்டரால சுத்துங்கோ. நல்ல 717 ஒன்று 150 பிஎஸ்ஐ கிட்டக் காட்டும். ஒன்று 150, மற்றது 110 என்றால் காபரேற்றர் கதையை இதோட விடுவம், வேற கதை தொடங்கும்.

பிளக்கின் நிறம். இரண்டும் ஒரே நிறமோ, ஒன்று மட்டும் வெளிறி இருக்கோ?

சோக். முட்டுற அந்த நேரத்தில சோக்கைக் கொஞ்சமா இழுத்துப் பாருங்கோ. ஒரு செக்கன் போதும், பாதித் திறொட்டிலுக்கு மேல போகாதேங்கோ. எட்டிப் பாய்ஞ்சால் பெற்றோல் பத்தேல்லை. இன்னும் மோசமானால் பெற்றோல் கூடிப்போச்சு.

மே 22

வயரை எர்த் பண்ணச் சொன்னதுக்குக் காரணத்தையும் எழுதுறன், ஆக்கள் அதைத்தான் தட்டிக்கழிக்கிறவை. பிளக் இல்லாமல் சுத்தேக்க அந்தத் துளையால பெற்றோல் ஆவியாப் பாயும். பக்கத்தில வயர் தொங்கிக்கொண்டு பொறி விட்டால் இஞ்சின் அறைக்குள்ள நெருப்பு. சீட்டைக் கழற்றி காற்று நல்லாப் போகவிட்டு, குனிஞ்சு மணந்து பார்த்து, அதுக்குப் பிறகுதான் சாவி. நெருப்பணைப்பான் கைக்கெட்டுற தூரத்தில இருக்கவேணும்.

மே 24

நீங்கள் அனுப்பின அளவு: 148, 145. அருமை. இஞ்சின் தப்பியிருக்கு. பிளக் இரண்டும் வெளிறினது, சோக்குக்கு எட்டிப் பாயுது. அப்ப பெற்றோல் பத்தேல்லை. இனி எங்க தடைப்படுது என்றதுதான் கேள்வி.

ஐடில் நல்லா நிக்கிறதை வச்சு "காபரேற்றர் நல்லம்" என்றும் சொல்லேலாது, "காபரேற்றர் பழுது" என்றும் சொல்லேலாது. இந்த மிக்குனியில மிதவை கிடையாது, பெற்றோலைத் தேக்கி வைக்கக் கிண்ணமும் இல்லை. டயபிறாம் என்ற மெல்லிய சவ்வுக்குப் பின்னால இருக்கிற சின்ன அறையில நிக்கிற அளவுதான் கையிருப்பு. ஐடிலுக்கு ஊசிமுனையளவு போதும், அடைஞ்ச ஹோஸ் கூட அதைக் குடுத்துவிடும். முழுத் திறொட்டிலில கையிருப்பு முடிஞ்ச பிறகு பின்னால இருந்து வரவேணும், வராவிட்டால் விழும். கொஞ்சத் தூரம் பறந்துபோட்டு விழுறதுக்கு இதுதான் காரணம். திறொட்டிலைத் தொட்ட உடனேயே முட்டினால் நான் முதல்ல காபரேற்றரின் லோ-ஸ்பீட் பாதையையும் (குறைஞ்ச வேகத்துக்குப் பெற்றோல் போற வழி) பொப்-ஒஃப் அழுத்தத்தையும் (உள்ள இருக்கிற பெற்றோல் ஊசி திறக்கிற அழுத்தம்) சந்தேகப்படுவன். உங்கடை விசயத்தில தாங்கியில இருந்து தொடங்கி முன்னுக்கு வருவம்.

பாதை இது: தாங்கிக்குள்ள இருக்கிற உறிஞ்சுகுழாய், அதில ஓன்னுக்கு (வழமையான ஓட்டம்) ஒன்று, றிசேவுக்கு (பெற்றோல் முடியேக்க அடியில மிஞ்சினது) ஒன்று. பிறகு டாஷ்போட்டில நீங்கள் திருப்புற வால்வு. பிறகு தண்ணி பிரிக்கிற பில்ரர் கிண்ணம். பிறகு காபரேற்றரோட சேர்ந்த பம்ப். மிஞ்சினது றிற்றேன் ஹோஸ் வழியாத் திரும்பத் தாங்கிக்கு.

செலவில்லாத சோதனை இரண்டு. முட்டேக்க இஞ்சினை நிப்பாட்டி பெற்றோல் மூடியைத் திறவுங்கோ. "ஸ்ஸ்" என்று காற்று உள்ள இழுபட்டால் வென்ற் ஹோஸில இருக்கிற ஒருவழி வால்வு அடைச்சிருக்கு. தாங்கிக்குள்ள காற்றுப் போகாவிட்டால் பெற்றோல் வெளியில வராது. இரண்டாவது, வால்வை றிசேவுக்குத் திருப்பி ஓடிப்பாருங்கோ. அதில நல்லா ஓடினால் ஓன் பக்கத்துக் குழாயில காற்றிழுக்குது.

மே 25

பில்ரர் கிண்ணத்தின்ரை ஓ-றிங்கையும் பாருங்கோ. வெடிச்சிருந்தால் பெற்றோல் வெளியில ஒழுகாது, காற்றுத்தான் உள்ள போகும். அந்த இடத்தில அழுத்தம் இல்லை, உறிஞ்சல்தான் இருக்கு. ஒழுகேல்லை, அதால இறுக்கம் என்று நினைக்கவேண்டாம்.

மே 31

மூடியில சத்தம் இல்லை, றிசேவில "கொஞ்சம் பரவாயில்லை" என்று எழுதியிருக்கிறீங்கள். அந்தக் "கொஞ்சம்" எனக்கு நல்லாப் பிடிச்சிருக்கு. இரண்டு பாதையும் பாதி அடைச்சிருந்தால் இப்படித்தான் வரும்.

இப்ப சீட்டைக் கழற்றி ஹோஸின்ரை நிறத்தைப் பாருங்கோ. சாம்பலோ?

ஜூன் 1

சாம்பல்தான் என்றால் மேல ஒன்றும் யோசிக்கவேண்டாம், முழுக்க மாத்துங்கோ. அந்தக் கால சாம்பல் ஹோஸ் முப்பது வருசம் பெற்றோலில ஊறினால் உள் சுவர் கரையத் தொடங்கும். வெளியில தொட்டுப் பார்த்தால் புதுசு போல, நல்ல வளைவு, ஒரு வெடிப்பும் இராது.

என்ரை மிசினில கழற்றின ஒரு துண்டை பிளேட்டால நெடுக வெட்டி விரிச்சுப் பார்த்தனான். உள்ள பச்சை. பச்சைத் தண்ணி இல்லை, ஒட்டுற களி. பெருவிரலால தேய்க்க நூல் மாதிரி இழுபட்டுது, துணியில துடைக்கத் துணியும் ஒட்டினது. அந்தக் களி பெற்றோலோட மெதுமெதுவா முன்னுக்கு வரும். முதல்ல வால்வுக்குள்ள சேரும். அதைத் தாண்டினது காபரேற்றர் பம்ப் மூடிக்குக் கீழ இருக்கிற சின்ன வலையில நிக்கும். வலை சின்னவிரல் நகம் அளவுதான். அது பாதி மூடினாலே முழு வேகத்துக்குப் பெற்றோல் பத்தாது.

இதாலதான் ஸ்குறூவைத் திறக்கவேண்டாம் என்று சொன்னனான். பல மாடல்களில ஹை-ஸ்பீட் ஸ்குறூ பாக்டறியில இருந்து வரேக்கையே முழுசா மூடித்தான் வரும், முழு வேகத்துக்கு அளக்கிறது மெயின் ஜெட் என்ற அளவுத் துளை. வலை அடைச்சிருக்கேக்க ஸ்குறூவைத் திறந்தால் அடைப்பு அப்படியே இருக்கும், செற்றிங்கும் போயிடும். பிறகு அடைப்பை எடுத்த அண்டைக்குப் பெற்றோல் வழியும்.

ஜூன் 2

ஹோஸ் மாத்துற விதம் கேட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீங்கள்.

ஒன்றைக் கழற்றி, அதே நீளத்துக்குப் புதுசு வெட்டி, பூட்டி, பிறகு அடுத்தது. எல்லாத்தையும் ஒரேயடியாக் கழற்றினால் தாங்கி மூடியில எது எங்க போனது என்று தெரியாது. கழற்ற முதல் போனில படம் எடுங்கோ, வால்வின்ரை ஓன், றிசேவ், அவுட் மூன்றுக்கும் ரேப் ஒட்டி எழுதுங்கோ. ஓன்னும் றிசேவும் மாறினால் ஏரி நடுவில பெற்றோல் முடியேக்க றிசேவுக்குத் திருப்ப ஒன்றும் மிச்சம் இராது.

அநேகமா கால் அங்குல ஹோஸ். ஆனால் உங்கடையை அளந்து வாங்குங்கோ. எதனோல் தாங்கும் என்று எழுதின, மரைன் தரத்து ஹோஸாப் பார்த்து எடுங்கோ. ஹோஸ் மேலயே ஏ1 என்று அடிச்சிருக்கும். கடையில காட்டுற தெளிவான மஞ்சள் பிளாஸ்ரிக் ரியூப் புல்லு வெட்டுற மெசினுக்குச் சரி, இதுக்கு வேண்டாம். கிளாம்ப் சுற்றிவர ஒரே அளவா இறுக்கிற வகை நல்லம். பல்லுப்போட்ட கிளாம்ப் மெல்லிய ஹோஸை வெட்டும்.

பல்ஸ் ஹோஸ் வேற சாமான். கிறாங்க்கேசில (இஞ்சினின்ரை அடிப்பெட்டி) இருந்து காபரேற்றருக்குப் போறது. அதுக்குள்ள பெற்றோல் இல்லை, இஞ்சினின்ரை அழுத்தத் துடிப்பு மட்டும்தான். பம்பின்ரை டயபிறாமை ஆட்டுறது அதுதான். தடிச்ச சுவர் உள்ளதே போடவேணும். மெல்லிசா இருந்தால் துடிப்போட சேர்ந்து தானும் சுருங்கும், பம்ப் அரைகுறையா வேலை செய்யும். புது ஹோஸ், புது வால்வு, புது கிற் (காபரேற்றரின்ரை உள்பாகங்கள்) எல்லாம் போட்டும் சரிவராமல் கடைசியா பல்ஸ் ஹோஸில நுணுக்க வெடிப்பைக் கண்டுபிடிச்ச ஆக்கள் இருக்கினம்.

ஜூன் 7

வால்வைப் பற்றி இரண்டாம் யோசனை. முதல்ல எனக்கு அதைக் கழற்றிக் கழுவினால் போதும் என்றுதான் இருந்தது. என்ரை வால்வைக் கழுவி, ஊதிப் பார்த்து, திரும்பப் பூட்டி ஒரு கோடை ஓடினனான். அடுத்த கோடை அதே முட்டல். உள்ளுக்க இருக்கிற மூலையெல்லாம் ஸ்பிறே போகாது. அதோட பழைய சீலால காற்றும் இழுக்கும். புது வால்வின்ரை விலை ஒரு பிஸ்ரன் கிற்றோட ஒப்பிட ஒன்றுமில்லை. புதுசு போடுங்கோ.

ஜூன் 14

இப்ப காபரேற்றர். ஹோஸும் வால்வும் மாத்தினபிறகுதான் இதைத் திறக்கிறது. முதல் காபரேற்றரைத் துடைச்சுப்போட்டுப் பழைய ஹோஸோட பூட்டினால் அடுத்த மாசம் திரும்பவும் வலை பச்சை.

பம்ப் மூடியைக் கழற்றுங்கோ, வலை தெரியும். மற்றப் பக்கத்தில டயபிறாம், அதுக்குக் கீழ சின்னக் கை, ஸ்பிறிங், ஊசி, ஊசி இருந்து மூடுற சீற். ஸ்பிறிங் துள்ளிப் போகும். பெரிய வெள்ளைத் துணி விரிச்சு, அதுக்கு மேல வச்சுக் கழற்றுங்கோ. காபரேற்றர் கிளீனர் ஒவ்வொரு துளையாலயும் மற்றப் பக்கம் வருதோ என்று பார்க்கவேணும். லோ-ஸ்பீட் பாதை தொண்டையில திறொட்டில் தட்டுக்குப் பக்கத்தில நுணுக்கத் துளைகளா முடியும், அதெல்லாத்தாலயும் பீச்சவேணும். கண்ணாடி போடாமல் இதைச் செய்யாதேங்கோ, பீச்சுறது நேரா கண்ணுக்கு வரும். ஜெட்டுக்குள்ள கம்பி விடாதேங்கோ. துளை பெருத்தால் அளவு போச்சு.

பூட்டினபிறகு பொப்-ஒஃப் சோதனை. மீற்றர் வச்ச கைப்பம்பை பெற்றோல் வரும் வாயில பூட்டி, றிற்றேன் வாயை அடைச்சு, ஊசியைக் கொஞ்சம் நனைச்சுவிட்டு மெதுவா அடியுங்கோ. ஒரு அழுத்தத்தில "டப்" என்று திறக்கும். அந்த எண் உங்கடை மாடலின்ரை சேவிஸ் மனுவலில இருக்கிற எல்லைக்குள்ள வரவேணும், இரண்டு காபரேற்றரும் கிட்டத்தட்ட ஒரே எண்ணில திறக்கவேணும். திறக்க முதலே மீற்றர் மெதுவா இறங்கினால் ஊசி சீற்றில சரியா இருக்கேல்லை.

கிற் வாங்கேக்க மிக்குனியின்ரை ஒறிஜினலே வாங்குங்கோ. இணையத்தில பேர் தெரியாத கிற் ஒன்று மலிவா எடுத்துப் போட்டனான். ஊசி பார்வைக்கு அச்சொட்டு அதேதான். மீற்றர் நிக்கவே இல்லை, பம்பை விட்ட உடனே கீழ போச்சு. பம்புக்குள்ள வாற மெல்லிய செக் வால்வும் தடிச்சுக் கிடந்தது. சோதிக்காமல் இஞ்சினில போட்டிருந்தால் பெற்றோல் நேரா கிறாங்க்கேசுக்குள்ள போயிருக்கும்.

ஜூன் 15

காபரேற்றரைக் கழற்றேக்க எண்ணெய்ப் பம்பின்ரை கேபிளும் சின்ன எண்ணெய் ஹோஸும் கையில வரும். கேபிள் அடையாளக்கோடு திரும்பவும் அதே இடத்துக்கு வரவேணும். ஹோஸுக்குள்ள காற்றுப் புகுந்திருந்தால் பம்பை பிளீட் பண்ணாமல் (காற்றை வெளியில எடுக்காமல்) ஓடவே கூடாது. நான் முதல் தாங்கிப் பெற்றோலுக்குள்ள 50க்கு 1 என்று எண்ணெயும் கலந்து விடுவன். பம்ப் வேலை செய்தால் கொஞ்சம் புகை கூடும், அவ்வளவுதான். வேலை செய்யாவிட்டால் அந்தக் கலவைதான் இஞ்சினைக் காப்பாத்தும்.

ஜூன் 16

வீட்டு முன்னுக்குத் தண்ணி ஹோஸ் பைப் பூட்டி ஓடிப்பார்க்கிறவைக்கு: முதல்ல இஞ்சின், பிறகு தண்ணி. நிப்பாட்டேக்க முதல்ல தண்ணி, பிறகு இஞ்சின். மாத்திச் செய்தால் எக்சோஸ்ட் வழியாத் தண்ணி சிலிண்டருக்குள்ள போகும். கனநேரம் ஓடவும் கூடாது.

ஜூன் 28

"எல்லாம் மாத்தினன், பறக்குது!" நீங்கள் அனுப்பின வீடியோவை மனிசிக்கும் காட்டினனான். நல்ல சந்தோசம். வலையின்ரை படத்தையும் போட்டதுக்கு நன்றி, நான் எழுதினதைவிட அந்தப் படம் ஆக்களை நம்பவைக்கும்.

ஒன்று சொல்லவேணும். வீடியோவில ஓடுற பிள்ளைக்கு எத்தனை வயசு? கனடாவில இந்த மிசினை ஓட 16 வயசு வேணும், ஓடுறவரிட்ட ஒப்பறேற்றர் காட் என்ற படகு ஓட்டுற அட்டையும் இருக்கவேணும். பின்னுக்குப் பெரியாக்கள் இருந்தாலும் 16 வயசுச் சட்டம் மாறாது.

ஜூலை 3

கனடா டேயில மூன்று பேர் "எனக்கும் அதே பிரச்சினை" என்று எழுதியிருக்கினம். வாசிச்சுப் பார்த்தால் மூன்றும் மூன்று வருத்தம்.

முதலாவது ஆள்: சுற்று ஏறுது, சத்தம் ஏறுது, வேகம் ஏறேல்லை. அண்ணை, அது காபரேற்றர் இல்லை. ஜெற் பம்புக்குள்ள பாசி இழுபட்டிருக்கு, அல்லது இம்பெல்லரை (தண்ணியைத் தள்ளுற விசிறி) சுற்றியிருக்கிற வெயர் றிங் தேய்ஞ்சு போச்சு. சிம்கோ ஏரியின்ரை ஆழம் குறைஞ்ச குக்ஸ் பே பக்கம் ஓடுறவைக்குப் பாசி நல்ல பழக்கம். இஞ்சினை நிப்பாட்டி, சாவியையும் கழற்றிப்போட்டுத்தான் கீழ கையை விடுங்கோ.

இரண்டாவது ஆள்: சூடான பிறகு சுவிச்சை நிப்பாட்டின மாதிரி பட்டென்று சாகுது, ஆறின பிறகு திரும்ப வருது. பெற்றோல் பத்தாமல் சாகிறது இப்படி இல்லை. அது இழுத்து இழுத்து, தள்ளாடி விழும். பட்டென்று சாகிறதெண்டால் முதல்ல இக்னிஷன் பக்கம் பாருங்கோ, கொயில், வயர், கனெக்டர்.

மூன்றாவது ஆள்: காபரேற்றரில வேலை செய்தபிறகு ஐடில் ஏறி ஏறிப் போகுது. இதுதான் பயமானது. இன்ரேக் அடியில கஸ்கெற் சரியா இருக்காமல் காற்று இழுக்குதோ, இரண்டு திறொட்டில் தட்டும் ஒரே நேரத்தில மூடுதோ, கேபிள் இறுகிக் கிடக்குதோ என்று பார்க்கும்வரை ஓடவேண்டாம். காற்றிழுக்கிற இஞ்சின் வேகமா ஓடுற மாதிரி இருக்கும், உள்ளுக்க எரிஞ்சுகொண்டிருக்கும். ஸ்பிறே அடிச்சுக் கண்டுபிடிக்கிற யோசனையை மூடின இஞ்சின் அறையில செய்யாதேங்கோ. அழுத்தம் குடுத்துக் கசிவு பார்க்கிற சோதனைதான் சரி.

ஜூலை 4

யமஹா வேவ்ரன்னர் வச்சிருக்கிறவர் கேட்டதுக்கு: அதே மிக்குனிக் குடும்பம்தான் அநேகமா. மாடலைப் பொறுத்து பம்ப் காபரேற்றரோடயோ தனியாவோ இருக்கும். தாங்கியில இருந்து தொடங்குற ஒழுங்கு உங்களுக்கும் அதேதான்.

ஓகஸ்ற் 5

பெற்றோலைப் பற்றிக் கேட்டது. ஒன்ராறியோவில சாதாரண பெற்றோலில எதனோல் போன்றது 2020 இல இருந்து சராசரி 10 வீதம், 2025 இல இருந்து 11 வீதம் கலக்கச் சட்டம், 2030 க்குள்ள 15 வீதம் வரை கூடப்போகுது. காருக்குப் பிரச்சினை இல்லை, கார் ஒவ்வொரு கிழமையும் தாங்கியைக் காலி பண்ணும். சீ-டூ செப்ரெம்பரில இருந்து மே வரை நிக்கும்.

எதனோல் தண்ணியை இழுத்து வைக்கும். 10 வீதக் கலவையில தண்ணி அரை வீதம் அளவில சேர்ந்தால் எதனோலும் தண்ணியும் பெற்றோலை விட்டுப் பிரிஞ்சு அடியில போய் நிக்கும். றிசேவ் குழாயின்ரை வாய் அடியிலதான் இருக்கு. றிசேவுக்குத் திருப்பின உடனே சாகிற மிசின் என்றால் இதையும் யோசியுங்கோ. கொஞ்சத்தைக் கண்ணாடிப் போத்தலில எடுத்து நிப்பாட்டி வச்சால் இரண்டு அடுக்காத் தெரியும். பிரிஞ்சு போனதுக்கு ஸ்ரபிலைசர் (பெற்றோல் கெடாமல் வைக்கிற மருந்து) போட்டுப் பிரயோசனமில்லை, எடுத்துவிடத்தான் வேணும். எடுத்ததை வடிகானுக்குள்ள ஊத்தவேண்டாம், நகரசபையின்ரை ஆபத்தான கழிவு எடுக்கிற இடத்தில குடுங்கோ.

எதனோல் இல்லாத பெற்றோல் கிடைக்கிற மரைனாவோ நிலையமோ பக்கத்தில இருந்தால் சீசனின்ரை கடைசித் தாங்கிக்காவது அதை அடியுங்கோ. பம்பில ஒட்டியிருக்கிற ஸ்ரிக்கரை வாசிச்சுப் பாருங்கோ, ஆளைக் கேட்டு நம்பவேண்டாம்.

ஒக்ரோபர் 12

தாங்க்ஸ்கிவிங் வந்துட்டுது, எல்லாரும் மூடி வைக்கிற நேரம். தாங்கியைக் காலி பண்ணி வைக்கிறதோ நிரப்பி வைக்கிறதோ என்று இங்க இரண்டு கட்சி. நான் முந்தி காலிக் கட்சி. இப்ப எதனோல் இல்லாததை நிரப்பி, ஸ்ரபிலைசர் போட்டு, இஞ்சினைக் கொஞ்சம் ஓடி அது காபரேற்றர் வரைக்கும் போக விடுறன். காபரேற்றர் காய்ஞ்சு கிடந்தால் டயபிறாம் விறைக்கும். பிறகு இஞ்சினுக்குள்ள துரு பிடிக்காமல் காக்கிற பொகிங் ஒயில் அடிச்சு, பிளக் துளையாலயும் கொஞ்சம் விட்டு, கையால சுத்தி விடுறது. சிலிண்டரைச் சுற்றி நிக்கிற தண்ணியை வடிச்சு, குளிருக்கு உறையாத திரவம் விடவேணும். எங்கடை சனவரிக் குளிர் அலுமினியத்தை வெடிக்கவைக்கும்.

ஒக்ரோபர் 13

மச்சானும் ஒன்று வாங்கப்போறாராம், 1997 மிசின், "நேற்றும் ஓடினது" என்று விக்கிறவர் சொல்றாராம். போகேக்க கொம்பிறெஷன் மீற்றரைக் கொண்டுபோங்கோ. குளிர்ந்த இஞ்சினை நீங்களே ஸ்ராட் பண்ணவேணும், வர முதலே சூடாக்கி வச்சிருந்தால் இன்னொரு நாள் போங்கோ. சீட்டைத் தூக்கி ஹோஸ் சாம்பலோ கறுப்போ என்று பாருங்கோ. கறுப்பு என்றால் வால்வும் மாத்தினதோ, காபரேற்றருக்கு எந்தக் கிற் போட்டது, பில் இருக்கோ என்று கேளுங்கோ. சாம்பல் என்றால் ஹோஸ், வால்வு, இரண்டு காபரேற்றர் கிற், இந்தச் சாமான் முழுக்கத்தின்ரை விலையையும் கணக்குப் பார்த்து, கேட்கிற விலையில குறைச்சுக் குடுங்கோ. அதை ஏரியில ஓடிக் காட்டுறன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கோ, அந்த ஹோஸோட ஒரு முழுத் திறொட்டிலும் குடுக்கவேண்டாம்.